மிரர்லெஸ்ஸுக்கு உள்ளே அனுமதி இல்லை

1

இன்று மதியம் அலுவலகக் கேன்டீனில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே யோஸ்ட் ஒரு சந்தேகம் கேட்டான். யோஸ்ட் எனக்கு எதிர் மேசைக்காரன், அசல் நெதர்லாந்துக்காரன், பட்டியல் போட்டு ஒப்பிடாமல் குடைகூட வாங்க மாட்டான். மகளுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். ஆரம்பநிலை மிரர்லெஸ் கேமரா வாங்கிக் கொடுப்பதா, சட்டைப்பைக்குள் போகிற குட்டி டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுப்பதா?

கைபேசியில் ஒரு ஒப்பீட்டுப் பக்கத்தைக் காட்டினான். இடது பக்கம் மிரர்லெஸ், வலது பக்கம் குட்டி. சென்சார் அளவு, லென்ஸ் கழற்றி மாட்டும் வசதி, இருட்டில் எடுக்கும் திறன், வைஃபை என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போனது. எல்லா வரியிலும் மிரர்லெஸ்ஸுக்குத்தான் பச்சை டிக். எடை என்ற ஒரு வரியில் மட்டும் போனால் போகிறதென்று குட்டிக்கு ஒன்று போட்டிருந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதின ஆள் திருச்சியில் ஒரு நிக்காஹுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறானா என்று கேட்க நினைத்தேன். ஆனால் என் டச்சு மொழி, சூப்பர்மார்க்கெட்டில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற அளவுக்குத்தான் வரும். ஐந்தோவன் நகரத்துக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. கோபம் இன்னும் தமிழில்தான் வருகிறது. "ரெண்டுமே நல்ல கேமரா" என்று டச்சில் சொல்லிவிட்டு சூப்பைக் குடித்தேன்.

அவனிடம் முழுங்கியதை உங்களிடம் கக்குகிறேன். ஊர்க்காரர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நிக்காஹ் நடந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது என்பதும் ஒரு காரணம்.

2

மும்தாஜ் எனக்கு ஒரே அக்கா. திருச்சி பாலக்கரையில் இருக்கிறாள். அவளுக்கு ஒரே மகள், ஆயிஷா. நாலு வருஷத்துக்கு முன்னால் மச்சான், அதாவது அக்காவின் கணவர், மௌத்தானபோது நான் ஊருக்குப் போகவில்லை. என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போனால், திரும்பி வருவதற்குப் பாஸ்போர்ட்டில் தனியாக ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்பதிவு வேண்டும். முன்பதிவுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் இடம் இருந்தது. "சாவு அவசரம்" என்று போனில் சொன்னேன். எதிர்முனைப் பெண் மிகவும் வருத்தப்பட்டாள், பிறகு அதே ஒன்பதாம் நாளை உறுதிசெய்து மின்னஞ்சல் அனுப்பினாள்.

அக்கா இதற்காக என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு போனில் "சாப்பிட்டியா, பிள்ளை நல்லாருக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆகவே ஆயிஷாவின் நிக்காஹ் முடிவானதும் நான் முந்திக்கொண்டு, "போட்டோ முழுக்க என் பொறுப்புக்கா" என்று வாக்குக் கொடுத்தேன்.

"பொம்பளைங்க பக்கமும் எடுக்கணும்டா. அதுக்குத் தென்னூர்ல ஒரு பொண்ணு இருக்கு, பேசி வச்சிருக்கேன்."

"அதெல்லாம் வேணாம்னு சொல்லிடு. நான் பாத்துக்கறேன்."

"மத்ததெல்லாம் எப்படிப் போனாலும் பரவால்ல. கருகமணி கட்டுற போட்டோ மட்டும் எனக்கு வேணும். அவங்க அத்தா இருந்து பார்த்திருக்க வேண்டியது."

மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி மணப்பெண்ணின் கழுத்தில் கருகமணி கட்டுவாள். எங்கள் கல்யாணங்களில் அது பெண்கள் பக்கத்தில் நடப்பது. தெரியாதவனா நான்? சபீனா, அதாவது என் மனைவி, அப்போதே கேட்டாள்: "பொம்பளைங்க பக்கம் நீங்க எப்படிப் போவீங்க?"

"நான் தாய்மாமன்" என்றேன். ஏதோ அது பாஸ்போர்ட் மாதிரி.

தென்னூர்ப் பெண்ணுக்கு நானே செய்தி அனுப்பினேன்: எங்களிடம் புரொஃபஷனல் கேமரா இருக்கிறது, தேவைப்படாது. நான் புதிதாக வாங்கியிருந்த மிரர்லெஸ்தான் அது. அதன் அட்டைப்பெட்டியில் 'தொடக்க நிலையினருக்கு' என்று மூன்று மொழிகளில் அச்சடித்திருந்தது. நான் நாலாவது மொழிக்காரன் என்பதால் எனக்குப் பொருந்தாது என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் பயிற்சி எடுத்தேன். சபீனாவின் தலையில் சன்னலிலிருந்து கழற்றிய திரையைப் போட்டு உட்காரவைத்து, அந்த வெளிச்ச அளவுகளுக்கு 'மணமகள் ஒன்று' என்று பெயர் வைத்துக் கேமராவில் சேமித்தேன். அவளுக்கு வேலையிடத்தில் லீவு கிடைக்காததால் ஊருக்கு வரவில்லை என்று சொன்னாள். திரைக்குப் பயந்தும் இருக்கலாம்.

3

குட்டிக் கேமரா எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இங்கே அரசர் பிறந்தநாளன்று ஊரே தெருவில் துணி விரித்து வீட்டுப் பழைய சாமான்களை விற்கும். அங்கே என் மகள் நஸ்ரின், வயது பதினைந்து, ஓட்டை பொம்மைகளுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் இதைக் கண்டெடுத்தாள். சோப்புக்கட்டி அளவு. வெள்ளி நிறம். அவள் பிறப்பதற்கு முன்னால் தயாரானது.

"போன்லயே இதைவிட நல்லா விழும்மா" என்றேன்.

"அதான் பிரச்சினை அத்தா. போன்ல எல்லாரும் ஒரே மாதிரி அழகா இருக்காங்க."

இந்தப் பேச்சில் பாதி டச்சு; நான்தான் தமிழாக்கித் தருகிறேன். அவள் தலைமுறைக்கு இப்போது இந்தப் பழைய கேமராக்கள்தான் மோகமாம். பளீரென்று முகத்தில் அடிக்கிற ஃபிளாஷ், ஓரத்தில் மங்கல், மூலையில் மஞ்சள் எழுத்தில் தேதி. அந்தத் தேதியும் தப்பு. மாற்றித் தருகிறேன் என்று கை நீட்டியதற்குக் கேமராவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

திருச்சி விமான நிலையத்தில் என் கேமராப் பையைத் திறக்கச் சொல்லி, "புதுசா? தொழிலுக்கா?" என்று அதிகாரி விசாரித்தார். பெருமையாக இருந்தது. நஸ்ரின் கையில் இருந்ததை அவர் சோப்பு டப்பா என்று நினைத்திருப்பார்.

அதன் மெமரி கார்டு ஊருக்கு வந்ததும் செத்துப்போனது. இரண்டு ஜிபிக்கு மேல் உள்ள எதைப் போட்டாலும் அதற்கு அடையாளம் தெரியாது. சிங்காரத்தோப்பில் நாலு கடை ஏறி இறங்கினோம். ஐந்தாவது கடைக்காரர் என் கழுத்தில் தொங்கிய மிரர்லெஸ்ஸையும், மகள் நீட்டியதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு ஜிபியா? சார், இப்போ கீபேட் போனுக்கே பதினாறு போடுறாங்க."

"எனக்கில்லீங்க, பிள்ளைக்கு" என்று அவசரமாகச் சொன்னேன்.

"பாப்பா, இதை வச்சு என்னம்மா பண்ணுவே?"

"எடுப்பேன்" என்றாள் நஸ்ரின்.

அவர் மேசை இழுப்பறையின் அடியில் கிளிப்புகளுக்கு நடுவே துழாவி ஒன்றை எடுத்து, ஊதிக் கொடுத்தார். நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது.

4

கேமராக்களைப் பரீட்சை பார்க்க ஸ்ரீரங்கம் போனோம். கல்லூரியில் என்னோடு படித்த வரதன் அங்கே சித்திரை வீதியில் இருக்கிறான். கணக்கு வாத்தியார். பாரபட்சமில்லாமல் மதிப்பெண் போடுவான் என்று நம்பினேன்.

ராஜகோபுரத்துக்கு எதிரே வரதனை நிறுத்தி மிரர்லெஸ்ஸை எடுத்தேன். லென்ஸ் மூடியைக் கழற்றுவதற்குள் ஒரு ஆட்டோக்காரர், "சார், ஷூட்டிங்கா? வண்டிய ஓரங்கட்டணுமா?" என்றார். பூக்கார அம்மா, "இருங்க, தண்ணி தெளிச்சுக்கறேன்" என்று பூக்கூடையைத் திருப்பி வைத்தார். வரதன் வயிற்றை உள்ளிழுத்து மூச்சைப் பிடித்தான்.

"சீக்கிரம் எடுடா. எனக்குப் பிராணன் போறது."

"அசையாதே. கோபுரம் முழுசா விழ மாட்டேங்குது."

"கோபுரம் எங்கேயும் போகாது. நான்தான் போயிடுவேன் போலருக்கு."

எடுத்து முடித்ததும் அவன் மூச்சை விட்டு, வயிறு பழைய இடத்துக்கு வந்து, ஆட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தான். அந்த நேரத்தில் நஸ்ரின் சோப்புக்கட்டியைத் தூக்கி ஒரு மின்னல் அடித்தாள். ஒரு நொடி வேலை. ஆட்டோ நகரவில்லை, பூக்கூடை திரும்பவில்லை.

இரண்டு படங்களையும் வரதன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தான்.

"உன்னோடதுல கோபுரத்து மேல இருக்கிற புறாவை எண்ணலாம்டா."

"அதைத்தானே சொல்றேன்."

"ஆனா கீழே யாரோ லைசென்ஸ் வாங்க வந்தவன் மாதிரி நிக்கறான். குழந்தை எடுத்ததுல நான் இருக்கேன்."

ஒரு கணக்கு வாத்தியார் இப்படி மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் எப்படித் தேறும்? நான் அன்று மாலைவரை அவனோடு பேசவில்லை. காபிக்கு மட்டும் சரி என்றேன்.

5

நிக்காஹ் நாள். மண்டபத்தில் கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். கீழே நான் ராஜா. ஹஸ்ரத் துஆ ஓதுவதை மூன்று கோணத்தில் எடுத்தேன். மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவதைப் பேனாவின் முனை தெரிகிற மாதிரி எடுத்தேன். நிக்காஹ் முடிந்ததும் 'மணமகள் ஒன்று' அமைப்பைத் தட்டிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

படியின் உச்சியில் நாற்காலி போட்டு சாரா மாமி உட்கார்ந்திருந்தார். என் அத்தாவின் தங்கை. காலடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்குள் கைபேசிகள், ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய காகிதம் ரப்பர் பேண்டால் சுற்றியிருந்தது. மாடிக்குப் போகிற எந்தப் பெண்ணும் கைபேசியோடு போக முடியாது. யாரோ எடுத்து யாரோ எங்கோ போடுகிற வம்பு வேண்டாம் என்று இப்போதெல்லாம் பல கல்யாணங்களில் இப்படித்தானாம். நான் ஊரில் இல்லாத வருஷங்களில் இது வந்ததே எனக்குத் தெரியாது.

"எங்கத்தா போறே?" என்றார் மாமி.

"ஆயிஷாவை எடுக்கணும் மாமி. கருகமணி."

"உள்ள முக்காடு இல்லாம நூறு பொம்பளைங்க இருக்காங்க."

"நான் தாய்மாமன் மாமி."

"ஆயிஷாவுக்குத் தாய்மாமன். நூறு பேருக்குமா?"

என் அக்கா கல்யாணத்தில் எங்கள் மாமா உள்ளே போய் வந்துகொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதைச் சொன்னேன். "அவன் ஐஸ்கிரீம் வாளி தூக்கிட்டு, தலையைக் குனிஞ்சுட்டுப் போனான். நீ கண்ணுல தொலைநோக்கி வச்சுக்கிட்டு வர்றே" என்றார்.

நியாயம்தான். ஆனால் நேரம் ஓடுகிறது. நஸ்ரினை அழைத்து மிரர்லெஸ்ஸை அவள் கழுத்தில் மாட்டினேன். பெண்பிள்ளை, இனி என்ன தடை? மாமி கேமராவைக் கையில் வாங்கிப் புரட்டினார்.

"இதுல வைஃபை இருக்கா?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன சொல்லியிருப்பான்? நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது இது: "இருக்கு மாமி. புளூடூத்தும் இருக்கு. எடுத்த உடனே தானா போனுக்குப் போயிடும், அங்கேருந்து உலகத்துல எங்க வேணாலும் அனுப்பலாம். கேபிளே வேணாம்."

மாமி கேமராவை என் கையில் திருப்பிக் கொடுத்தார். கூடையில்கூட வைக்கவில்லை.

"அதை அணைச்சு வச்சுடலாம் மாமி."

"இப்பத்தான் தானா போகும்னே."

தென்னூர்ப் பெண்ணுக்கு அங்கேயே நின்று போன் போட்டேன். "வையம்பட்டில ஒரு கல்யாணத்துல இருக்கேன் சார். வர ரெண்டு மணி நேரமாவது ஆகும். நீங்கதானே புரொஃபஷனல் கேமரா இருக்குன்னு மெசேஜ் போட்டீங்க?" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதனால் இன்னும் வலித்தது.

அதற்குள் உள்ளேயிருந்து அக்கா படிக்கு வந்துவிட்டாள். பட்டுச்சேலை, நெற்றியில் வியர்வை.

"மாப்பிள்ளையோட அக்கா கருகமணியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. எங்கடா, யாரு எடுக்கப் போறா?"

நான் கேமராவைத் திரும்ப என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"ஏற்பாடு பண்ணிட்டேன்னு சொன்னியே."

"நான் எடுக்கறதாத்தான் ஏற்பாடுக்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். ஸ்டிக்கர் கதையைப் போனில் சொன்ன அன்று அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. இந்தத் தடவை நான் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இல்லை. இரண்டு படி கீழே, கழுத்தில் கேமராவோடு நிற்கிறேன். அதே கதைதான்.

நஸ்ரின் பையிலிருந்து சோப்புக்கட்டியை எடுத்து மாமியிடம் நீட்டினாள். மாமி அவளுக்கு நன்னி, அதாவது பாட்டி முறை. எங்கள் வீட்டில் அவளுக்கு வருகிற தமிழில் எல்லாரும் 'நீ'தான். "நன்னி, நீ இதைப் பாரு."

"இது எங்கேயும் அனுப்புமா?"

"அனுப்பாது. இதுக்கு ஒண்ணுமே தெரியாது."

மாமி அதைத் திருப்பிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். "இதுதான் கேமரா" என்றார். "போ, ஓடு."

கதவுத்திரை விலகி மூடியது. அடுத்த நிமிடம் உள்ளே குலவைச் சத்தம். திரையின் அடியில் ஒரு ஃபிளாஷ் அடித்தது. பிறகு இன்னொன்று. நான் படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். மிரர்லெஸ்ஸில் ஃபிளாஷ் கிடையாது, தெரியுமா? தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அந்த ஒப்பீட்டுப் பக்கத்தில் இந்த வரி எங்கே போயிற்று?

கீழே போய்ப் பிரியாணி சாப்பிடுகிறவர்களை எடுத்தேன். வெறியில் எழுநூறு படம் எடுத்திருக்கிறேன். தால்ச்சாவில் மிதக்கிற கத்தரிக்காயின் காம்புகூட அவ்வளவு துல்லியம்.

6

மறுநாள் மாப்பிள்ளையும் ஆயிஷாவும் விருந்துக்கு வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பெண்களெல்லாம் அக்காவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். படம் பார்க்கிறார்களாம். மாடியில் எடுத்தவை, ஆகவே ஆண்கள் பார்க்கக்கூடாது. படத்தை எடுத்தது என் மகள், கார்டு வாங்கிக் கொடுத்தது நான். நான் பார்க்கக்கூடாது.

கூடத்தில் நானும் புதுமாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"உள்ள என்ன மாமா நடக்குது?"

"உங்க கல்யாண ஆல்பம்."

"நானும் பாக்கக்கூடாதா?"

"நீங்க நேத்து வந்தவரு மாப்பிள்ளை. நானே வெளிய இருக்கேன்."

"நீங்க எடுத்ததைக் காட்டுங்களேன்" என்றார், பாவம். நூற்றைம்பது படம் பார்த்தார். எல்லாவற்றிலும் அவரே இருந்தார், அல்லது கத்தரிக்காய் இருந்தது. கொட்டாவியை உதட்டுக்குள் வைத்து விழுங்கினார்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதில் நஸ்ரினின் குரலும் இருந்தது. ஐந்தோவனில் சாப்பாட்டு மேசையில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண், அங்கே தப்புத் தமிழில் நாற்பது வார்த்தை பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளைத் தமிழ் வகுப்புக்கு வாராவாரம் காரில் கொண்டுபோய் விட்டவன் நான்.

ஒரு வழியாகக் கதவு திறந்தது. அக்கா சோப்புக்கட்டியோடு வந்தாள். "இது ஒண்ணுலதான் நானும் ஆயிஷாவும் மட்டும் இருக்கோம். நீ பாக்கலாம்" என்று சின்னத் திரையை நீட்டினாள். அடுத்த படத்துக்குப் போகிற பொத்தானைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"கருகமணி?"

"விழுந்திருக்கு. ஆறு இருக்கு. நல்லாருக்கு."

குனிந்து பார்த்தேன். ஃபிளாஷ் பட்டு இரண்டு முகமும் வெள்ளையாக வெந்திருந்தன. ஆயிஷாவின் கை பாதி அழிந்திருந்தது. மூலையில் இருந்த தேதிப்படி மணமகள் அப்போது முதல் வகுப்பு படித்துக்கொண்டிருக்க வேண்டும். எதுவும் கூர்மையாக இல்லை. அக்கா மட்டும், கழுத்தில் புதுக் கருகமணியோடு இருந்த மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய் முழுக்கத் திறந்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் அவளை நாற்பது தடவையாவது எடுத்திருப்பேன். நாற்பதிலும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ரேஷன் அட்டைக்கு நிற்பது போல நிற்கிறாள்.

"அப்படி என்னக்கா சிரிப்பு?" என்றேன்.

அக்கா சொல்லவில்லை. உள்ளேயிருந்து ஆயிஷாதான் சொன்னாள்: "வாசல்ல நடந்ததை நன்னி வந்து சொன்னாங்க மாமா. நீங்க வைஃபை பத்தி விளக்கம் குடுத்ததை நான் நடிச்சுக் காட்டினேன். 'கேபிளே வேணாம் மாமி.'"

அறையே மறுபடி சிரித்தது. புதுமாப்பிள்ளை சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தார். அக்கா என் முன்னாலேயே சிரித்தாள். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் மச்சான் இருந்திருந்தா உன்னைக் கிண்டல் பண்ணாம விட்டிருக்க மாட்டாருடா" என்றாள். மச்சான் மௌத்தான பிறகு அவர் பேச்சை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே எடுத்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு உடனே அந்தப் படம் வேண்டும் போலிருந்தது. அந்தச் சின்னத் திரையை என் மிரர்லெஸ்ஸால் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, லென்ஸ் மூடியைக் கழற்றினேன்.

அக்கா சோப்புக்கட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"வேணாம்ப்பா. அதுல வைஃபை இருக்கு."